சொந்தத் தொழிலும் சொந்தக் கணக்கும்

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிட நாம் ஊர் ஊராகச் செல்லுங்கால், அங்கத்தினர் பலர் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "ஐயா, இன்னும் எத்தனை காலம் கூலிக்கு நெய்வது? கையில் சிறிது பணம் சேர்ந்திருக்கிறது. சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா?" என்பது அக்கேள்வி. விவசாயிகளும், விளைந்த நிலக்கடலையை மண்டிக்கு அனுப்பாமல் தாமே செக்கிலாட்டி எண்ணெயாக விற்கலாமா என வினவுகின்றனர்.

இந்த அவா நல்லதே. ஊக்கமில்லாத இடத்தில் எத்தொழிலும் வளராது. ஆயினும் இக்கேள்விக்குரிய விடையைக் கையிலுள்ள பணத்தில் தேடுவதற்கு முன், தொடங்க விரும்புவோரின் குணத்தில் தேட வேண்டும். தைரியம், உழைப்பு, தொழிலறிவு, இன்சொல் ஆகிய நான்கும் வேண்டுமென யாவரும் அறிவர். நம் அங்கத்தினர்களிடத்தில் இவற்றுக்குக் குறைவில்லை. இந்நான்கும் இருந்தும் தொழில் நொடித்துப் போனவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களிடம் இல்லாதிருந்த ஐந்தாவது குணம், தம் கணக்கில் தம்மையே ஏமாற்றிக்கொள்ளாமை. அதனைப் பற்றியே இப்பாடத்தில் ஆராய்வோம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

ஓர் ஊரில் திறமை மிக்க நெசவாளர் ஒருவர் இருந்தார். அவர் நெய்த துணியில் ஓர் இழைக் குற்றமும் காண இயலாது. இரண்டு தறிகள் போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். எட்டு மாதங்கள் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, கணக்கைக் காட்டுமாறு கேட்டோம். "கணக்கு மனத்திலேயே இருக்கிறது ஐயா, தினமும் பணம் புரளத்தான் செய்கிறது" என்றார்.

அன்று மாலை அவருடன் அமர்ந்து எல்லாவற்றையும் தாளில் எழுதினோம். நூல் கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஒருபுறம். துணி வாங்கியோரிடம் நின்ற நிலுவை மறுபுறம். நூல் வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து மகளின் படிப்புக்கும், உறவினர் வீட்டு மொய்க்கும், வைத்தியத்துக்கும் கொடுத்திருந்தார். ஒரு காசும் வீண் செலவன்று. ஆனால் மூலதனம் முக்கால் பங்கு கரைந்திருந்தது. அஃது எப்பொழுது கரைந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவியார், உள்ளே சென்று ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கொணர்ந்தார். "ஆறு வருஷமாகப் பால் கணக்கு எழுதுகிறேன். இதையும் என்னிடம் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேனே" என்றார். நெசவாளர் தலை குனிந்து அமர்ந்திருந்தார். பாக்கி தீர்க்க ஒரு தறியை விற்கவேண்டியதாயிற்று. மற்றொரு தறியில் அவர் மீண்டும் சங்கத்துக்கு நெய்து வருகிறார். இப்பொழுது அந்நோட்டுப் புத்தகத்தில் பாலும் இருக்கிறது, நூலும் இருக்கிறது.

கைக்கூலியும் செலவே

தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் வழிகளுள் முதன்மையானது, தம் உழைப்பை இலவசமென எண்ணுவது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். நூல், பாவு ஓட்டுதல், கஞ்சியிடுதல் ஆகியவற்றுக்கு ரூ. 6,000 செலவிட்டு ஒருவர் 12 வேட்டிகள் நெய்து, ஒன்று ரூ. 800 வீதம் ரூ. 9,600-க்கு விற்பதாகக் கொள்வோம். ரூ. 3,600 லாபம் என அவர் மகிழ்கிறார்.

நெய்ய ஆறு நாட்களாயின. அவருடைய கூலி நாளொன்றுக்கு ரூ. 400 என்றால் ரூ. 2,400. தார் சுற்றிய மனைவியாரின் கூலி ரூ. 200 வீதம் ரூ. 1,200. ஆக, அந்த ரூ. 3,600 முழுவதும் கூலியே. தறி பழுது பார்த்தல், விளக்கு, பஸ் கட்டணம் ஆகியவற்றுக்கு ரூ. 250 ஆகியிருந்தால், அத்தொகை நஷ்டம். இக்கணக்கை எழுதியவர், விலையை உயர்த்த முடியுமா, செலவைக் குறைக்க முடியுமா, வேறு ரகம் நெய்யலாமா என ஆலோசிப்பார். எழுதாதவர், லாபமென நினைத்ததைச் செலவழித்துவிட்டு, அடுத்த பாவுக்குக் கடன் தேடுவார்.

விவசாயிகளுக்கும் இஃது பொருந்தும். தம் வயலில் விளைந்த கடலைக்குச் செலவில்லை என எண்ணி எண்ணெய்க்கு விலை வைத்தல் தவறு. அன்று மண்டியில் அக்கடலை என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதையே முதல் செலவாக எழுதவேண்டும். பருப்பில் எண்ணெய் ஏறக்குறையப் பாதியே. அதிலும் ஒரு பகுதி பிண்ணாக்கில் தங்கிவிடும். ஆகவே எண்ணெயும் பிண்ணாக்கும் விற்று வந்த தொகை, கடலையின் மண்டி விலையையும் ஆட்டுகூலியையும் தாண்டினால்தான் அது லாபம்.

ராச்டேல் நெசவாளர் கற்ற பாடம்

இரண்டாவது ஏமாற்றம், வர வேண்டிய கடனை வந்த பணமாக எண்ணுவது. இதற்கு இங்கிலாந்திலுள்ள ராச்டேல் என்னும் நெசவாளர் நகரம் சான்றாகும். 1833-ஆம் ஆண்டு அங்கு ஒரு கூட்டுறவுக் கடை தொடங்கப்பெற்றது. கடனுக்குச் சரக்குக் கொடுத்து, அது திரும்பாமல், 1835-இல் அக்கடை மூடப்பட்டது.

அந்நகரத்தார் மனம் தளரவில்லை. நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் சில்லறைக் காசுகளாகச் சேமித்து, 28 பவுன் மூலதனத்துடன் 1844 டிசம்பர் 21-ஆம் நாள் மீண்டும் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி எனச் சில பொருள்களே அங்கிருந்தன. இம்முறை ரொக்கத்துக்கே விற்பது என உறுதி பூண்டனர். கலப்படமற்ற சரக்கு, சரியான எடை ஆகியவற்றையும் விதிகளாகக் கொண்டனர். வாங்க வந்தோர் அயலாரல்லர். அண்டை வீட்டாரும் உடனுழைப்போருமே. அவர்களிடம் "கடன் இல்லை" எனச் சொல்ல எத்துணை மன உறுதி வேண்டியிருக்கும்! அவ்வுறுதியால் அச்சங்கம் நிலைத்தது. உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியுமாயிற்று.

அவர்களிடம் மற்றொரு வழக்கமும் இருந்தது. சரக்கு விற்பவராகச் சாமுவேல் ஆஷ்வொர்த் என்பவரையும், பணம் வாங்குபவராக வில்லியம் கூப்பர் என்பவரையும் நியமித்தனர். இருவரும் நம்பிக்கைக்குரியவர்கள், இருந்தும் இரு வேலைகளையும் ஒருவரிடமே விடவில்லை. தம் கணக்கைப் பிறர் பார்ப்பதை அவமானமெனக் கருதாத பணிவும் தொழில் நடத்துவோருக்கு இன்றியமையாதது. வீட்டிலேயே இதனைச் செய்யலாம். கணவர் விற்கட்டும், மனைவியார் எழுதட்டும், மாதமொரு முறை இருவரும் சேர்ந்து பார்க்கட்டும்.

தொடங்குமுன் ஒரு சோதனை

சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் அங்கத்தினர்களுக்கு நாம் கூறும் யோசனை இதுவே. மூலதனத்தைத் தொடுமுன் மூன்று மாதங்கள் குடும்பத்தின் வரவு செலவை நாள்தோறும் எழுதி வாருங்கள். இரண்டு பைகள் வையுங்கள்: ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று தொழிலுக்கு. தொழில் பையிலிருந்து வீட்டுக்கு எடுப்பதாயின், உங்கள் கூலி அளவுக்கே எடுங்கள், அதனையும் எழுதுங்கள். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என நம் பெரியோர் கூறியது இதற்குத்தான்.

மூன்று மாதமும் விடாமல் எழுதியவர் தைரியமாகத் தொடங்கலாம். இடையில் விட்டவர் வருந்த வேண்டா. மறுபடியும் எழுதத் தொடங்கட்டும். நோட்டுப் புத்தகத்தில் தவறினால் இழப்பு ஒன்றுமில்லை. தறியை வைத்துத் தவறினால் இழப்பது தறியை.

மாதக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. உங்கள் வீட்டில் கூலி கணக்கிடப்படாத உழைப்பு யாருடையது? அதற்கு என்ன கூலி போடலாம்?

2. தெரிந்தவர் கடன் கேட்டால், மனம் நோகாமல் மறுப்பது எங்ஙனம்?

3. உங்கள் கணக்கை மாதமொரு முறை பார்க்க யாரை அழைப்பீர்கள்?