பன்றியும் அன்று, மீனும் அன்று



தென் அமெரிக்காவின் ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் கப்பிபாராவைப் படங்களிலோ விலங்குக் காட்சிச்சாலையிலோ நீங்கள் கண்டிருக்கலாம். இன்று உலகில் வாழும் கொறிக்கும் விலங்குகளுள் மிகப் பெரியது இதுவே. நன்கு வளர்ந்த கப்பிபாரா நான்கடி நீளம் வரை இருக்கும். எடை பெரும்பாலும் 35 முதல் 65 கிலோ. இது எலிக்கும் அணிலுக்கும் உறவு என்றால் நம்புவது கடினந்தான்.

இதன் தோற்றம் அறிஞரையே மயக்கியது. உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1766-ஆம் ஆண்டில் இதனைப் பன்றியினத்தில் சேர்த்தார். வகைப்பாடு பின்னர் திருத்தப்பட்டது. ஆயினும், 'நீர்ப்பன்றி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே இன்றளவும் இதன் அறிவியற் பெயராக நிற்கிறது. (இதன் நெருங்கிய உறவான கினிப்பன்றியும் பன்றியன்று, அதற்கும் இதே கதி!) வெனிசுவேலாவிலோ, தவக்காலத்தில் இறைச்சியை விலக்கும் கத்தோலிக்கர், நீரில் வாழ்வதால் இதனை மீனாக எண்ணி உண்ணும் வழக்கம் உண்டு.

'கப்பிபாரா' என்னும் பெயரோ பிரேசில் பழங்குடியினரின் துப்பி மொழியிலிருந்து வந்தது. 'புல்லை உண்பது' என்பது அதன் பொருள். விலங்கின் அருகிருந்து வாழ்ந்தோர் இட்ட பெயரே மெய்யாயிற்று என்பேன். ஏனெனில் புல்லும் நீர்த்தாவரங்களுமே இதன் முதன்மை உணவு. புல் பற்களைத் தேய்த்துவிடும். அதற்கேற்பப் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஒருமுறை உண்பதால் புல்லின் சத்து முழுதும் உடலிற் சேராது. ஆகவே முயலைப் போலத் தன் மென்மையான கழிவையே மீண்டும் உண்ணும். அருவருக்க வேண்டா, பசு அசைபோடுவதும் புல்லை இருமுறை அரைக்கும் உபாயமே அன்றோ?

நீரோ இதற்குப் புகலிடம். கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், உடலை மறைத்துக்கொண்டே கரையை நோக்க இயலும். சிறுத்தையினும் பெரிய ஜாகுவார் வரக் கண்டால் ஒன்று குரைப்பதுபோல் ஒலியெழுப்பும். கூட்டம் நீருள் பாயும். ஐந்து நிமிடம் வரை மூழ்கியிருக்க வல்லது. நீருள்ளும் அனகொண்டா காத்திருக்கும் என்பது வேறு.

இவ்வாறு புல்லும் நீரும் அடுத்தடுத்து இருக்கும் இடமே இதன் வீடு. அர்ஜென்டினாவில், புவெனஸ் ஐரிஸ் நகருக்கு வடக்கே அத்தகைய சதுப்பு நிலத்தை மேடாக்கி, நோர்டெல்ட்டா என்னும் செல்வர் குடியிருப்பை எழுப்பினர். 2021-ஆம் ஆண்டில், கப்பிபாராக்கள் தோட்டங்களை மேய்கின்றன, நாய்களைக் கடிக்கின்றன என்று குடியிருப்போர் முறையிட்டனர். முறையீட்டிலும் உண்மை உண்டு. கூரிய முன்பற்களாற் கடிபட்டால் காயம் ஆழமானதே. ஆனால், வந்தேறியவர் யார் என்று நாடெங்கும் பலர் திருப்பிக் கேட்டனர். சதுப்பு நிலங்களைக் காக்கச் சட்டம் வேண்டுமென்ற கோரிக்கையும் அவ்வாண்டில் வலுப்பெற்றது. கப்பிபாராக்களுக்கு இவ்வழக்கு எதுவும் தெரியாது. குளக்கரையில் வளர்ந்தாலும், ஒருவர் காசு கொடுத்து வாசலில் வளர்த்தாலும், அவற்றுக்குப் புல் புல்தான்.