ஈஸ்டர் தட்டில் மூன்று நிற முட்டை

அமெரிக்க வீடுகளில் ஈஸ்டர் ஞாயிறு விருந்து என்றால் மேசையில் டெவில்டு எக் இல்லாமல் இருப்பது அபூர்வம். வேகவைத்த முட்டையை நீளவாக்கில் வெட்டி, மஞ்சள்கருவை மயோனைஸோடும் கடுகு விழுதோடும் பிசைந்து, எடுத்த குழியிலேயே திரும்ப நிரப்புகிற எளிய பண்டம் அது. தென் மாநிலங்களில் இதற்கென்றே முட்டை வடிவக் குழிகள் வைத்த பீங்கான் தட்டுகள் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகின்றன.

ஈஸ்டருக்கும் முட்டைக்கும் உள்ள உறவு பழையது. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுவதும் முட்டை விலக்கப்பட்ட உணவு. கோழி விரதம் இருக்குமா? அது பாட்டுக்கு முட்டையிட்டது; சேர்ந்ததெல்லாம் ஈஸ்டரன்று செலவழிந்தாக வேண்டும். பூரணம் நிரப்பும் வித்தைக்கும் வயது அதிகம்: 13ஆம் நூற்றாண்டு அந்தலூசியச் சமையலிலேயே மஞ்சள்கருவைக் கொத்தமல்லி, வெங்காயச் சாறு, மிளகு சேர்த்து அரைத்து நிரப்பினார்கள். மயோனைஸ் பிற்பாடு வந்து சேர்ந்தது. அதைப் பரிந்துரைத்த தொடக்ககால நூல்களில் ஒன்று, 1896இல் வெளியான ஃபேனி ஃபார்மரின் சமையல் புத்தகம்.

தட்டு வண்ணமயமாக இருக்கக் கடைச் சாயம் தேவையில்லை. பீட்ரூட், ஊதா முட்டைக்கோஸ், மஞ்சள்தூள் மூன்றும் போதும். எந்த நீரில் வினிகர் விடுவது, எதில் விடாமல் இருப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

தேவையானவை (24 துண்டுகளுக்கு)

- முட்டை – 12
- பீட்ரூட் – நடுத்தர அளவில் 1
- ஊதா முட்டைக்கோஸ் – கால் பாகம்
- மஞ்சள்தூள் – 1 மேசைக்கரண்டி
- வினிகர் – 4 மேசைக்கரண்டி. பூரணத்துக்குத் தனியாக 1 தேக்கரண்டி
- மயோனைஸ் – அரை கப்
- கடுகு விழுது (மஸ்டர்டு) – 2 தேக்கரண்டி
- உப்பு, மிளகுத்தூள் – தேவைக்கு
- மேலே தூவ – பாப்ரிகா, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள்

1. வேகவைத்தல்

புத்தம்புது முட்டை இதற்கு ஒத்துவராது. புதிய முட்டையின் வெள்ளைக்கரு உட்தோலோடு ஒட்டிக்கொள்வதால், உரிக்கும்போது பிய்ந்து மேடுபள்ளமாகிவிடும். ஒரு வாரம் குளிர்பெட்டியில் இருந்த முட்டை வழுக்கிக்கொண்டு வரும். தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் முட்டைகளைக் கரண்டியால் மெல்ல இறக்கி, தீயைக் குறைத்து 11 முதல் 12 நிமிடம் வேகவிடவும். எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் 10 நிமிடம் போடவும்.

நேரம் கூடிப்போனால் மஞ்சள்கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையாய் ஒரு வளையம் படியும். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்வதன் விளைவு இது. சாப்பிட்டால் கெடுதல் இல்லை. ஆனால் பூரணத்தின் நிறம் மங்கிவிடும்.

2. சாயம் காய்ச்சுதல்

மூன்று பாத்திரங்களில் தலா 2 கப் தண்ணீர் வைக்கவும். ஒன்றில் பீட்ரூட் துண்டுகள், இன்னொன்றில் நறுக்கிய முட்டைக்கோஸ், மூன்றாவதில் மஞ்சள்தூள். பீட்ரூட்டையும் முட்டைக்கோஸையும் சிறு தீயில் 20 நிமிடம் காய்ச்சவும். மஞ்சளுக்கு 5 நிமிடம் போதும். பீட்ரூட்டின் நிறம் அதிகக் கொதியைத் தாங்காமல் பழுப்படிக்கும் என்பதால் அதன்மேல் ஒரு கண் இருக்கட்டும். மூன்றையும் வடிகட்டி, ஆறவைத்து, தலா ஒரு சிட்டிகை உப்புப் போடவும். மஞ்சள் நீரை மட்டும் துணியில் வடிகட்டினால் திட்டுத் திட்டாகப் படியாது.

பீட்ரூட் நீரிலும் மஞ்சள் நீரிலும் தலா 2 மேசைக்கரண்டி வினிகர் விடவும். முட்டைக்கோஸ் நீரில் விட வேண்டாம். வெள்ளைக்கரு காரத்தன்மை உடையது. அதைத் தொட்டதும் ஊதாச் சாறு நீலமாக மாறும். அதே சாற்றில் வினிகர் விட்டால் இளஞ்சிவப்பு கலந்த ஊதா கிடைக்கும். நான்காவது நிறம் வேண்டுமென்றால் பாதிச் சாற்றை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரத்தின் வேலைதான். வினிகர் சேர்ப்பதால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கிறது.

3. ஊறவைத்தல்

உரித்த முட்டைகளை முழுதாகவே, நிறத்துக்கு நான்காகப் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கவும். அரை மணியில் வெளிர் நிறம், 3 மணியில் அடர் நிறம். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். வினிகர் நீரில் இரவு முழுக்க விட்டால் வெள்ளைக்கரு ரப்பராகும்.

முதலில் வெட்டிவிட்டு ஊறவைப்பவர்களும் உண்டு. அப்போது உள்குழியிலும் சாயம் ஏறி, பூரணத்தில் கறை படியும். முழுதாக ஊறியதை வெட்டினால் வெண்மையைச் சுற்றி ஒரு வண்ணக்கரை கிடைக்கும். எடுத்ததும் காகிதத் துண்டில் ஈரம் போக ஒற்றவும்.

4. பூரணம்

ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியில் துடைத்தால் வெட்டுமுகம் சுத்தமாக வரும். மஞ்சள்கருவைச் சல்லடையில் தேய்த்து, கட்டியில்லாத மாவாக்கவும். மயோனைஸை மொத்தமாகக் கொட்டாமல், முக்கால் பங்கு போட்டுப் பிசைந்து பதம் பார்த்துவிட்டு மீதியைச் சேர்க்கவும். பிறகு கடுகு விழுது, ஒரு தேக்கரண்டி வினிகர், உப்பு, மிளகு. கரண்டியைச் சாய்த்தாலும் வழியாமல் நிற்பதே சரியான பதம்.

5. நிரப்புதல்

பூரணத்தை ஜிப் பையில் போட்டு, ஒரு மூலையைக் கத்தரித்துப் பிழிந்தால் பூப்போல விழும். நீல முட்டையில் மஞ்சள் பூரணம் தானாகவே எடுப்பாகத் தெரியும். அதன்மேல் பாப்ரிகா ஒரு சிட்டிகை போதும். மஞ்சள் முட்டையில் பூரணம் நிறத்தோடு நிறமாக மறைந்துவிடும் என்பதால் வெங்காயத்தாள் தாராளமாக வேண்டும். பீட்ரூட் முட்டைக்கு இரண்டும் பொருந்தும்.

6. பரிமாறுதல்

விருந்துக்கு முந்தின நாளே வண்ணமேற்றிய வெள்ளைக்கருவை மூடிய டப்பாவிலும், பூரணத்தைப் பையிலும் தனித்தனியாகக் குளிர்பெட்டியில் வைக்கலாம். நிரப்புவது விருந்தினர் வருவதற்குச் சற்று முன்பு. அமெரிக்க வேளாண் துறையின் விதிப்படி, இவ்வகை உணவு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணிதான். தோட்டத்து விருந்து என்றால் தட்டை ஐஸ் பரப்பிய தாம்பாளத்தின் மேல் வைப்பது நல்லது.

வெள்ளை மாளிகைப் புல்வெளியில் குழந்தைகள் ஈஸ்டர் திங்களன்று முட்டை உருட்டும் வழக்கம் 1878இல் தொடங்கியது. வீடுகளில் ஈஸ்டர் ஞாயிறன்று முட்டையை ஒளித்துவைத்துத் தேடும் ஆட்டம் நடக்கும். புல்லிலும் வெயிலிலும் மணிக்கணக்கில் கிடந்த அந்த முட்டைகளை இந்தத் தட்டுக்கு எடுக்காதீர்கள். விளையாட்டுக்கு வேறு முட்டை, விருந்துக்கு வேறு முட்டை என்று முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள்.