பெட்ரோல் முள் பொய் சொன்னால்

பாபநாசம், மன்னார்குடி பக்கம் பழைய பண்ணை வீடுகளில் இன்னும் அம்பாசடர் நிற்கிறது. 2014-ல் உற்பத்தியே நின்றுபோன வண்டி. எங்காவது ஒரு ஹெரால்டும் உண்டு; 1961 முதல் சென்னையில் செய்தது. முகூர்த்த நாளைக்கு வெளியே எடுப்பார்கள், பெட்ரோல் முள் அசையாது, பட்டறைக்கு வரும். புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன்.

1. டாஷ்போர்டைக் கழற்றாதே. மீட்டர் கெடுவது அபூர்வம். கழற்றுகிற கைதான் நல்ல வயரையும் அறுக்கும்.

2. டேங்கில் அஞ்சு லிட்டர் ஊற்றிப் பார். சிரிக்காதே, காலி டேங்கோடு வந்து மீட்டரைத் திட்டுகிறவர்கள் உண்டு.

3. சாவியைப் போட்டு முள்ளைக் கவனி. வெடுக்கென்று எழும்பினால் காந்தச் சுருள் மீட்டர். மெதுவாக ஊர்ந்தால் சூட்டில் வளையும் தகடு உள்ளது. இனி டேங்கில் மிதவையோடு இருக்கிற டேங்க் யூனிட்டின் வயரைக் கழற்று. சுருள் மீட்டர் முழுசு காட்டும், தகடு மீட்டர் காலி காட்டும். அதே வயரை பாடியில் தொடு, இரண்டும் தலைகீழாகும். முள் நகர்ந்ததும் எடுத்துவிடு, பிடித்துக்கொண்டே நின்றால் தகடு மீட்டர் கெடும். இப்படி இரண்டு பக்கமும் ஓடினால் மீட்டரும் வயரும் சுத்தம், குற்றம் பின்னால்தான்.

4. பின்னால் என்றால் முதலில் எர்த். வயரைத் திரும்ப மாட்டு. டேங்க் யூனிட்டின் தகரத்திலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தனி வயர் இழு. முள் சரியானால் வேலை முடிந்தது, துருவைச் சுரண்டி நல்ல எர்த் கொடு. புதுசாகப் பெயிண்ட் அடித்த வண்டிகளில் இதுதான் அதிகம். டேங்கைப் பளபளவென்று பூசி மாட்டியிருப்பார்கள். பெயிண்ட்டுக்குள் மின்சாரம் போகுமா?

5. மூன்றாவது சோதனையில் முள் ஒரு பக்கம் மட்டும் நின்றால் வயரைத் தேடு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி கொட்டகைக்கு வந்து வயரைக் கடிக்கும். கிட்டி வைக்கிற ஆளும் இப்போது குறைவு. தரை விரிப்புக்கு அடியில் தடவிப் பார்.

6. பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்து ஏறி நின்றால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். சுமார் 10 வோல்ட் கொடுக்க வேண்டியது, எர்த் விட்டால் பேட்டரியின் முழு வோல்டேஜையும் விடும்.

7. யூனிட்டை வெளியே எடுக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் பேட்டரியைக் கழற்று. பீடி தெருவோடு நிற்கட்டும். உளியும் இரும்புச் சுத்தியும் வேண்டாம், பித்தளைக் கம்பியால் தட்டு. மிதவையைக் காதருகே ஆட்டு, சலசலத்தால் ஓட்டை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வருகிற இடம் தெரியும். உள்ளே போன பெட்ரோல் முழுதும் வெளியேறி ஆவி போகும்வரை பற்றவைக்காதே, வெடிக்கும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதே. 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை விடாது, ஈரத்தையும் இழுத்து வரும்.

8. மாட்டிய பிறகு அஞ்சு அஞ்சு லிட்டராக ஊற்றி முள் நிற்கிற இடத்தை எழுதி வண்டிக்காரரிடம் கொடு. சுருள் மீட்டராக இருந்தால் இன்னொன்றும் சொல்லி அனுப்பு: திருவையாற்றுச் சாலை வளைவில் முள் ஆடத்தான் செய்யும், அதற்காகத் திரும்ப வர வேண்டாம்.