சைலன்சர் நட்டு இறுகாமல் இருக்க

சரக்கு வண்டி ஒருநாள் நின்றால் கடையில் எத்தனை வேலை நிற்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சைலன்சர் மாற்றுவது ஒரு மணி நேர வேலைதான். ஆனால் துருப்பிடித்து இறுகிய நட்டைக் கழற்றும்போது ஸ்டட் முறிந்துவிட்டால், அதைத் துளையிட்டு எடுத்து மரை வெட்ட ஒருநாள் முழுதும் போய்விடும்.

இறுகுவது ஏன்?

இன்ஜினை ஒட்டிய புகைக்குழாய், பாரம் ஏற்றி ஓடும்போது 500 டிகிரி செல்சியசையும் தாண்டிச் சூடேறும், நின்றதும் ஆறும். மழைநீரும் சேறும் சேர்ந்தால் துரு வரும். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிப்பதால் மரையின் இடைவெளி அடைபட்டு, நட்டு அசையாது. உப்பு மூட்டை ஏற்றும் வண்டிகளிலும் கடலோர ஊர்களிலும் இது விரைவில் நேரும்.

தடுப்பது எப்படி?

1. சாதாரண கிரீஸ் இந்தச் சூட்டில் கருகிவிடும். செம்புத்தூள் அல்லது நிக்கல்தூள் கலந்த ‘ஆன்டி சீஸ்’ பசையே ஏற்றது. எண்ணெய் எரிந்தாலும் உலோகத்தூள் மரையில் தங்கிக் காக்கும்.

2. மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, பசையை மெல்லியதாகப் பூசினால் போதும். பசை வழுக்குவதால் வழக்கமான பலத்தில் முறுக்கினால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். சற்றுக் குறைத்தே முறுக்க வேண்டும்.

3. சென்சார் உள்ள வண்டிகளில் அதன் முனையில் பசை படக்கூடாது.

4. துருப்பிடித்த பழைய நட்டை மீண்டும் போடாதீர்கள். இரும்பு ஸ்டட்டுக்குப் பித்தளை நட்டு நல்லது. அது துருவால் ஒட்டிக்கொள்ளாது.

ஏற்கனவே இறுகியிருந்தால், குளிர்ந்த வண்டியில் துரு நீக்கும் எண்ணெயை முதல்நாள் மாலையே விட்டு ஊறவையுங்கள். மறுநாள் சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். நெருப்பு காட்டுவதைப் பெட்ரோல், டீசல் குழாய்களைக் கவனித்து மெக்கானிக்கே செய்யட்டும்.

நட்டு முறிந்த இணைப்பை அப்படியே விட்டு ஓட்டுவது ஆபத்து. அதில் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஓட்டுநர் அறையில் புகுந்தால் உயிருக்கே கேடு.

அடுத்த முறை சைலன்சர் மாட்டும்போது மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிப் பசை பூசச் செய்யுங்கள். சில நிமிட வேலை, ஒருநாள் வியாபாரத்தைக் காக்கும்.