ஏபிஎஸ் விளக்கு வந்து வந்து போகிறதா? லேப்டாப்பில் லாக் எடுத்துப் பாருங்கள்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நீங்கள் ஓட்டும் காரிலேயே நாலைந்து கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பிரேக்கைக் கவனித்துக் கொள்கிறது. அதற்கு உடம்பு சரியில்லாவிட்டால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் என்று மஞ்சள் விளக்கை எரிய விடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் தொல்லை இல்லை, மெக்கானிக் பார்த்துக் கொள்வார். வந்து வந்து போகிறதே, அதுதான் தலைவலி. அதைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் எப்படி உதவும் என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

எங்கள் அக்காவை பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் கொடுத்திருக்கிறோம். மாமா படகை விட்டுவிட்டு 2012 மாடல் செடான் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். காலையில் நண்டு, பகலில் ஆள். ராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு, ஏறக்குறைய 20 கிலோமீட்டர், இவர் வண்டிதான். அந்த வண்டியில் ஏபிஎஸ் விளக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் விளக்கும் சேர்ந்தே வந்தன, சேர்ந்தே போயின. ஒர்க்‌ஷாப்பில் பின் இடது சக்கர சென்சாரை மாற்றினார்கள். நாலு நாள் விளக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்துவிட்டது. அடுத்து, "ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும், நாற்பதாயிரம் ஆகும்" என்றார்கள். மாமா என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, நீ கம்ப்யூட்டர் பார்க்கிறவன்தானே, இதையும் பாரேன்" என்றார்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் ஓங்கி மிதித்தால் சக்கரம் லாக் ஆகிச் சறுக்கும், மழையில் இது ஆபத்து. கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி விடவும். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது முன் பின் சக்கரங்களுக்கு பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் நின்று போயிருக்கலாம். விளக்கின் பல்பைக் கழற்றிவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இது எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு வேக சென்சார் உண்டு. பல் வைத்த வளையமோ காந்த வளையமோ சக்கரத்தோடு சுற்றும்போது சென்சார் அதைப் படித்து ஏபிஎஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மூன்று சக்கரம் 40 கிலோமீட்டர் வேகத்தில் சுற்ற, ஒன்று மட்டும் நின்றால் அது லாக் ஆகிவிட்டது என்று பொருள். உடனே அதன் பிரேக்கைத் தளர்த்தி மறுபடி பிடிக்கும். டிராக்ஷன் கண்ட்ரோலும் இதே நாலு சென்சார்களைத்தான் நம்பியிருக்கிறது. ஒரு சென்சார் போனால் இரண்டு விளக்கும் வருவது அதனால்தான். இரண்டு விளக்கு என்றதும் இரண்டு ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம்.

என்னென்ன தேவை?

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருக எல்ம்327 வகை அடாப்டர் ஒன்று வேண்டும். இந்தச் சிப்பை உருவாக்கிய கனடா நாட்டு எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2022இல் மூடப்பட்டுவிட்டது. கடையில் மலிவாகக் கிடைப்பவை எல்லாமே காப்பிதான், சில நன்றாக ஓடும், சில படுத்தும். புளூடூத்தைவிட யுஎஸ்பி வயர் உள்ளதை வாங்கவும், இணைப்பு அறுந்து லாக் கெடாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மொபைலில் இலவசமாகக் கிடைக்கும் பொதுவான ஓபிடி ஆப்கள் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். அவை 'பி' எழுத்தில் தொடங்கும். பிரேக் கோடுகள் 'சி' எழுத்தில் தொடங்குபவை, அவை ஏபிஎஸ் கம்ப்யூட்டருக்குள் தனியாக இருக்கும். "கோடு எதுவும் இல்லை" என்று ஆப் சொன்னால் அது ஏபிஎஸ்ஸிடம் கேட்கவே இல்லை என்று எடுத்துக் கொள்ளவும். உங்கள் கார் கம்பெனிக்கென்று உள்ள சாப்ட்வேர் வேண்டும். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுக்கு விசிடிஎஸ் என்பது போல. விசிடிஎஸ்ஸுக்கு மட்டும் அதற்கான சொந்த கேபிள் வாங்க வேண்டும், எல்ம் அடாப்டர் ஒத்துவராது.

மாமா வண்டியில் வந்தது சி0045, பின் இடது சக்கர வேக சென்சார் சர்க்யூட். கடைசி வார்த்தையைக் கவனிக்கவும். கோடு சொல்வது சர்க்யூட்டை. சென்சார், அதன் வயர், நடுவில் உள்ள கனெக்டர், வளையம், கம்ப்யூட்டரின் பின் வரை எல்லாமே அதற்குள் அடக்கம். ஒர்க்‌ஷாப்பில் அதை சென்சார் என்று மட்டும் படித்துவிட்டார்கள்.

நோட்டுப் புத்தகமும் லாகும்

லேப்டாப்பைத் திறக்கும் முன் மாமாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். விளக்கு வரும்போதெல்லாம் நேரம், இடம், மழை உண்டா, வண்டியில் யார் யார், எல்லாம் எழுதச் சொன்னேன். பத்து நாளில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பின் சீட்டில் ஆள் இருந்தால்தான் விளக்கு வருகிறது. தனியாக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனால் ஒருநாளும் வந்ததில்லை. அங்கே "ஒன்றும் இல்லையே" என்று திருப்பி அனுப்பியதற்கும் காரணம் அதுவே.

பிறகு லாக். சாப்ட்வேரில் நாலு சக்கர வேகத்தையும் பேட்டரி வோல்டேஜையும் மட்டும் டிக் செய்து கொள்ளவும். அதிகம் தேர்ந்தெடுத்தால் அடாப்டர் திணறும், ஒரு நொடிக்கு நாலைந்து ரீடிங்குகூட கிடைக்காது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் லேப்டாப்பைப் பார்க்க வேண்டும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்காதீர்கள். முடிந்ததும் சிஎஸ்வி ஃபைலாக சேவ் செய்து எக்செல்லிலோ லிப்ரே ஆபீஸிலோ திறந்து, நாலு காலத்தையும் தேர்வு செய்து லைன் சார்ட் போடவும்.

சார்ட்டைப் படிப்பதுதான் முக்கியம். வளைவில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் சற்று வேறுபடும், அது இயல்பு. ஒரு கோடு எப்போதும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மேலேயே ஓடினால் அந்த டயரில் காற்று குறைவு, அல்லது தேய்ந்த டயர். வேகம் குறைந்து நிற்கப் போகும்போது ஒரு கோடு மட்டும் முன்கூட்டியே பூஜ்யத்தில் விழுந்தால், துரு ஏறி சென்சார் வளையத்தைவிட்டு விலகியிருக்கலாம். பழைய காயில் வகை சென்சார்களில் இது சகஜம். அப்போது நிற்கும் கடைசி நேரத்தில் காரணமே இல்லாமல் பெடல் உதறும். சுற்றுக்கு ஒருமுறை வரும் குறை, அதாவது வளையத்தில் ஒரு பல் உடைந்தது, இந்த மலிவு அடாப்டரில் சரியாகத் தெரியாது. 20 கிலோமீட்டர் வேகத்திலேயே சக்கரம் நொடிக்கு மூன்று சுற்றுச் சுற்றுகிறது.

நானும் மாமாவும் முன் சீட்டில் உட்கார்ந்து பொன்னேரி வரை போனோம். நாலு கோடும் ஒட்டிக்கொண்டு போயின. திரும்பும்போது அக்கா மகனைப் பின்னால் இடது பக்கம் உட்கார வைத்தோம். ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் பின் இடது கோடு 35லிருந்து நேராக 0, அடுத்த ரீடிங்கில் மறுபடி 35. எந்தச் சக்கரமும் கால் நொடியில் நின்று திரும்ப ஓடாது. ஆகவே இது பிரேக் கோளாறோ பேரிங் கோளாறோ அல்ல, மின் தொடர்பு விட்டுவிட்டுப் போகிறது.

வீட்டுக்கு வந்து பின் இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கையால் சுற்றினோம். திரையில் 4 கிலோமீட்டர் காட்டியது. பையன் சீட்டில் ஏறி அமுக்கினான். பூஜ்யம். இறங்கினான், 4. சீட்டின் அடிப்பாகத்தைத் தூக்கினால் கீழே கார்ப்பெட் நசநசவென்று ஈரம். அதன் நடுவில் சென்சார் கனெக்டர். புது சென்சாரின் பக்கம் பளபளப்பு, வண்டி வயரின் பக்கம் பச்சைப் பசேலென்று களிம்பு.

நண்டு உயிரோடு இருக்க ஈரச் சாக்கு போட்டு மூடி டிக்கியில் ஏற்றுவார்கள். அந்த உப்புத் தண்ணீர்தான் வருஷக்கணக்காக முன்னால் வடிந்து வந்திருக்கிறது. சென்சார் மாற்றியபோது கனெக்டரைக் கழற்றி மாட்டியதில் களிம்பு கொஞ்சம் உரசிப் போய் நாலு நாள் வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வண்டி வயரில் கறுத்த பகுதியை வெட்டி, புது கனெக்டர் வைத்து, தண்ணீர் புகாத ஷ்ரிங்க் டியூப் போட்டோம். இரண்டு வயரும் முறுக்கியே வரும், அந்த முறுக்கைப் பிரித்துவிடக் கூடாது. செலவு ஐந்நூறு ரூபாய்க்குள். கோடை அழித்து, பின்னால் மூன்று பேரை ஏற்றி அதே ரோட்டில் மறுபடி லாக் எடுத்தேன். ஒரு இடத்தில்கூடக் கோடு விழவில்லை.

உங்கள் வண்டியில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்கவும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் 10க்குக் கீழே போனால் பேட்டரியை மாற்றும் வரை எந்தக் கோடையும் நம்ப வேண்டாம். பேரிங் மாற்றிய பிறகு விளக்கு வந்தால், காந்த வளையம் உள்ள பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கலாம். புது வகை சென்சாரை மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்து அளந்து கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள், அந்த முறை காயில் சென்சாருக்கு மட்டுமே பொருந்தும்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி விடவும், சாக்கெட்டிலேயே விட்டால் பேட்டரியைக் குடிக்கும். மாமா டிக்கிக்கு விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் டிரே ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். நோட்டில் மட்டும் இன்னமும் எழுதுகிறார். இப்போது டீசல் கணக்கு.