பறவை ரத்தம் என்று ஒன்று இல்லை

ஃப்ளூ வைரஸ் ஆய்வகத்தில் கோழி ரத்தத்தோடு பல வருடம் குப்பை கொட்டியவன் நான். புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

1. சிவப்பணுவைச் சாயம்போல நினைக்காதீர்கள். 1941-இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட், வைரஸ் ஏற்றிய, கரு வளரும் கோழிமுட்டையிலிருந்து நீரை எடுத்தபோது, அறுந்த நாளத்திலிருந்து கசிந்த குஞ்சின் ரத்தம் அதில் பட்டுத் திரிதிரியாகத் திரண்டது. துடைத்துப் போடாமல் உற்றுப் பார்த்தார். சிவப்பணு திரள்கிறதா என்று பார்க்கும் நம் சோதனை அங்கே பிறந்தது.

2. சர்க்கரையின் நுனியைப் படியுங்கள். சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் பலவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் இருக்கும். அது அடுத்திருக்கும் காலக்டோஸோடு 2-3 என்றும் இணையும், 2-6 என்றும் இணையும். பறவை ஃப்ளூ முதலாவதைத் தேடும். மனித ஃப்ளூ இரண்டாவதை. கோழியிடமும் வான்கோழியிடமும் இரண்டும் உண்டு. குதிரையிடம் ஏறக்குறைய 2-3 மட்டுமே. எச்5என்1 என்ற பறவை ஃப்ளூவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும்போது குதிரை ரத்தம் கேட்பது அதனால்தான்.

3. திரளவில்லை என்றதும் "வைரஸ் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். நான் எழுதினேன். என் தட்டில் கோழி அணு பொத்தான்போல அடியில் உட்கார்ந்திருந்தது. பக்கத்து மேசையில் அதே வைரஸ் மாதிரி கினிப்பன்றி அணுவை அழகாகத் திரட்டியது. 1990-களிலிருந்தே எச்3என்2 என்ற மனித ஃப்ளூ வைரஸ்கள் கோழி அணுவைப் பிடிப்பதை விட்டுவந்தன. மாறியது வைரஸ்; கோழி அல்ல.

4. பறவைச் சிவப்பணுவில் உட்கரு உண்டு, சீக்கிரம் படியும். அதற்கு 'வி' அடித் தட்டு, அரை மணி நேரம். கினிப்பன்றிக்கு 'யு' அடித் தட்டு, ஒரு மணி நேரம். கோழி அணுவென்றால் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். திரளாதது கண்ணீர்த்துளிபோல வழியும்.

5. ஏசி நின்றுபோன அறையை நம்பாதீர்கள். ஒட்டும் வைரஸிடமே கத்தரியும் இருக்கிறது. அதன் நியூராமினிடேஸ் சியாலிக் அமிலத்தை வெட்டி, திரண்டதை அவிழ்த்துவிடும். சூட்டில் அது சுறுசுறுப்பாகும். தட்டை 4 டிகிரியில் வையுங்கள்.

6. ஒரே கோழியை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று கோழிகளின் ரத்தத்தை ஆல்சீவர் கரைசலில் சேர்த்தெடுத்து, பிபிஎஸ் உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவுங்கள்.

7. கோழியை வைத்துப் புறாவை எடைபோடாதீர்கள். புறா முட்டையின் வெள்ளைக்கருவிலும் புறாவின் சீரத்திலும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் இரண்டு காலக்டோஸ்கள் 1-4 என்று கோத்து நிற்கும். கோழி முட்டையில் அது கிடையாது. 181 பறவை இனங்களின் வெள்ளைக்கருவைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வு, பறவைக் குலங்கள் பிரிந்த பழங்கதையே இந்தச் சர்க்கரையில் பதிந்திருப்பதாகக் காட்டியது.

8. நோட்டில் "பறவை ரத்தம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தப் பறவை, எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி, எல்லாம் வேண்டும். என் பழைய நோட்டில் "வைரஸ் இல்லை" என்ற வரி அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் "கோழி அணுவில் திரளவில்லை" என்று இருக்கிறது.