கொயோட்டேயைத் தேடிப் போவது ஏன்?
மெக்சிக்கோக் கமக்காரரின் எல்லைப் பயணம் தரும் பாடம்

ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்பவரை நாம் ஏஜென்சிக்காரர் என்கிறோம். மெக்சிக்கோவில் அவருக்குக் 'கொயோட்டே' என்று பெயர். கொயோட்டே என்பது நரியை ஒத்த ஒரு காட்டு விலங்கு. 'போயேரோ' என்றும் அழைப்பர். கோழிக்காரர் என்பது அதன் பொருள். அப்படியானால் அவர் பின்னால் நடப்பவர்கள் கோழிகள்! இப்படிப் பெயர் சூட்டிய மக்களே, காணியை ஈடு வைத்தும் கடன்பட்டும் அவரைத் தேடிப் போனார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரியாமற் போனார்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்தும் ஏன் போனார்கள்? இந்தப் பாடத்தில் இதனை ஆராய்வோம்.

1. ஊரை விட்டுப் புறப்பட்டது ஏன்?

மெக்சிக்கோவின் கிராமங்களில் சோளமே உணவு, சோளமே வருமானம். 1910 இல் தொடங்கிய புரட்சியின் பின்னர் பெருந்தோட்டங்கள் பல பிரிக்கப்பட்டன. அவை 'எஹிதோ' எனப்படும் பொதுக் காணிகளாகக் கமக்காரருக்குக் கிடைத்தன. அரசாங்கத்தின் கொள்வனவு நிறுவனமொன்று உத்தரவாத விலை கொடுத்துச் சோளத்தை வாங்கி வந்தது.

1990 களில் இந்த ஆதாரங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1992 இல் சட்டம் திருத்தப்பட்டு, எஹிதோக் காணிகளை விற்கவும் குத்தகைக்கு விடவும் வழி ஏற்பட்டது. 1994 சனவரி 1 ஆம் திகதி வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. மானியத்தோடும் பெரிய இயந்திரங்களோடும் விளைவிக்கப்பட்ட அமெரிக்கச் சோளம் சந்தையில் வந்து குவிந்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மெக்சிக்கோவின் நாணயமான பெசோவின் பெறுமதி சரிந்தது. 1999 இல் கொள்வனவு நிறுவனமும் மூடப்பட்டது.

ஆயினும் புறப்பட்டவர்கள் எல்லோரும் ஒன்றுமில்லாத ஏழைகள் அல்லர். சிறு காணி உள்ளவர்களும் போனார்கள். அவர்களுக்குப் பயிர்க் காப்புறுதி இல்லை. நியாய வட்டிக்குக் கடன் தர வங்கி இல்லை. வீட்டில் ஒருவர் வடக்கே போய் உழைத்து அனுப்பும் பணமே அவர்களுக்கு வங்கியும் காப்புறுதியுமாக இருந்தது. 2024 இல் மெக்சிக்கோவின் பெரும்பகுதியில் சட்டப்படியான ஆகக் குறைந்த நாட்கூலி ஏறக்குறைய 249 பெசோ. அமெரிக்க மத்திய சட்டம் 2009 இல் விதித்த ஆகக் குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு 7.25 டொலர். இங்கே ஒரு நாள் முழுவதும் உழைத்துப் பெறுவதை அங்கே இரண்டு மணித்தியாலத்தில் பெறலாம் என்பது கணக்கு.

2. நேர் வழி இருக்கவில்லையா?

ஒரு காலத்தில் இருந்தது. 1942 முதல் 1964 வரை 'பிராசெரோ' என்னும் திட்டத்தின் கீழ், ஏறக்குறைய 45 இலட்சம் வேலை ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. தங்குமிடம் மோசம், கூலியில் ஏமாற்று என்று குறைகள் பல இருந்தன. எனினும் பத்திரத்தோடு போய், பருவம் முடிய ஊர் திரும்ப முடிந்தது. 1964 இல் திட்டம் நிறுத்தப்பட்டது. அறுவடை வேலை நிற்கவில்லை. வேலைக்கு ஆள் எடுத்த முதலாளிமாரும் நிறுத்தவில்லை. நேற்று வரை ஒப்பந்தத்தோடு போனவர், அதே தோட்டத்துக்கு ஒப்பந்தம் இல்லாமற் போனார்.

பருவகாலக் கமவேலைக்கு விசா உண்டு என்பது உண்மை. ஆனால் தொழிலாளி தானாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்க முதலாளி ஒருவரே அதனைத் தொடக்கிவைக்க வேண்டும். அமெரிக்கப் பிரசையான சகோதரர் மூலம் நிரந்தர வதிவிடம் கேட்கும் மெக்சிக்கோ நாட்டவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேரிடுகிறது. "வரிசையில் நின்று போனால் என்ன?" என்று கேட்போர் உண்டு. முதலாளியும் இல்லாத, உறவும் இல்லாத கமக்காரருக்கு நிற்பதற்கு வரிசையே இல்லை.

3. வழிகாட்டி எதற்கு?

இரு நாட்டு எல்லையின் நீளம் ஏறக்குறைய 3,145 கிலோமீற்றர். 1990 களின் தொடக்கம் வரை பெரும்பாலானோர் திகுவானா, சியுடாட் ஹுவாரெஸ் போன்ற எல்லை நகரங்களை அண்டியே கடந்தனர். பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவர். மறுநாள் மீண்டும் முயல்வர். பழகியவர்கள் சிலர் தனியாகவே கடந்தனர்.

1993 இல் எல் பாசோவிலும் 1994 இல் சான் டியாகோவிலும் காவல் இறுக்கப்பட்டது. நகர வழியை அடைத்தால், பாலைவனத்துக்கு அஞ்சி மக்கள் நின்றுவிடுவர் என்று அதிகாரிகள் எதிர்பார்த்தனர். மக்கள் நிற்கவில்லை, அரிசோனாவின் பாலைவனத்துக்குத் திரும்பினர்.

அங்கே கோடையில் வெப்பம் 40 பாகைக்கு மேற் செல்லும். நடை பல நாட்கள் நீளலாம். அந்த வெயிலில் நடப்பவருக்கு ஒரு நாளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீரும் போதாது. ஒரு லீற்றர் ஒரு கிலோ. நான்கு நாளைக்கு வேண்டிய நீரை எவரும் தோளிற் சுமக்க முடியாது. ஆகவே மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி எங்கே, மறைந்து தங்க நிழல் எங்கே என்று அறிந்த ஒருவர் வேண்டும். எல்லையைக் கடந்த பின்னும் உள்ளே வீதிச் சோதனைச் சாவடிகள் உண்டு. அவற்றைத் தாண்ட வாகனமும், இடையில் ஒளிந்திருக்க வீடும் வேண்டும். கொயோட்டே விற்பது இவற்றையே. ஒரு வீட்டை உடைத்துத் திறப்பவரைப் போலன்றி, கரை தெரியாத ஆற்றில் ஓடக்காரரைப் போலவே மக்கள் அவரை எண்ணினர்.

4. யாரை நம்பினார்கள்?

1982 இல் தொடங்கிய ஓர் ஆய்வுத் திட்டத்தில், மெக்சிக்கோவைச் சேர்ந்த ஹோர்கே துராந்தும் அமெரிக்கரான டக்ளஸ் மாசியும் கிராமம் கிராமமாகச் சென்று விசாரித்தனர். பத்திரமின்றிக் கடந்தவர்களிற் பெரும்பாலானோர் வழிகாட்டியை அமர்த்தியிருந்தனர். காவல் கூடக் கூட அந்தப் பங்கும் கூடியது.

மக்கள் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்கவில்லை. முடிந்தவரை ஊரவர் அறிந்த ஒருவரையே தேடினர். முன்பு போன உறவினரிடம் விசாரித்தனர். முழுப் பணத்தையும் முற்கூட்டியே கொடாமல், போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள உறவினர் மீதியைக் கொடுப்பது பொது வழக்கம். பிடிபட்டால் அதே பணத்துக்கு மீண்டும் கொண்டுபோக வேண்டும் என்றும் பேசிக்கொண்டனர். நீதிமன்றம் போக முடியாத ஒப்பந்தத்துக்கு, ஊர்ப் பேச்சும் பிந்திக் கொடுக்கும் பணமுமே பிணையாக இருந்தன.

5. காவல் கூடியபோது நடந்தது என்ன?

முதலாவது, விலை ஏறியது. 1990 களின் தொடக்கத்தில் சில நூறு டொலராக இருந்த கட்டணம், பின்னர் பல ஆயிரம் டொலராயிற்று. ஊர் வழிகாட்டியின் இடத்தைப் பெருங் குழுக்கள் பிடித்தன. போதைப்பொருட் கும்பல்கள் தம் பகுதியைக் கடப்பதற்கே வரி அறவிட்டன. அறிமுகமில்லாதவர் கையில் அகப்பட்டவர்களுக்கு ஊர்ப் பிணை உதவவில்லை.

இரண்டாவது, மரணம். 1998 முதல் 2019 வரை அந்த எல்லையில் 7,000 க்கும் மேற்பட்டோரின் மரணங்களை அமெரிக்க எல்லைக் காவற்படை பதிவுசெய்தது. 2022 யூனில் ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோவில், கொள்கலன் லொறியொன்றில் அடைத்துச் செல்லப்பட்ட மெக்சிக்கோ, மத்திய அமெரிக்க நாட்டவர் 53 பேர் வெப்பத்தால் இறந்தனர். தண்ணீரும் இல்லை; குளிரூட்டியும் வேலை செய்யவில்லை.

மூன்றாவது, போனவர் திரும்பவில்லை. முன்பு பருவம் முடிய வீடு வந்தவர்கள், மீண்டும் அந்தப் பணமும் ஆபத்தும் எதற்கென்று அங்கேயே தங்கினர். இயன்றவர் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டனர். 1993 இல் ஏறக்குறைய 4,000 ஆக இருந்த எல்லைக் காவலர் தொகை 2010 அளவில் 20,000 ஐத் தாண்டியது. பத்திரமின்றி வாழ்ந்த மெக்சிக்கோ நாட்டவர் தொகையோ குறையவில்லை. 2007 இல் அது ஏறக்குறைய 69 இலட்சமாக உச்சத்தை எட்டியது. உள்ளே வருவதைத் தடுக்கக் கட்டிய வேலி, வெளியே போவதையும் தடுத்தது.

6. நாம் பெறும் பாடம்

கொயோட்டே கொடியவர், ஆகவே மக்கள் அழிகிறார்கள் என்பது பாதி உண்மை. அவர் உபகாரி என்பதும் பொய். விளைச்சலுக்கு விலை இல்லாமலும், கடன் தர ஆளில்லாமலும், நேர் வழி அடைபட்டும் இருந்த இடத்தில் அவருக்குத் தொழில் பெருகியது. வேலி உயர அவர் கூலியும் உயர்ந்தது. அவரைத் தண்டிப்பதால் மட்டும் அவருடைய தேவை அற்றுப்போகாது. கமக்காரரின் கையில் நியாய விலையும் கடன் வசதியும், போய்வரச் சட்டப்படியான வழியும் இருந்தால் அவரைத் தேடுவோர் குறைவர். பயணத்தைத் தீர்மானிக்கும் குடும்பமும், போகிறவரின் துணிவை மட்டும் பாராது, ஈடு வைக்கும் காணியையும் பின்னால் இருப்பவர்களின் சாப்பாட்டையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

குழுவிற் கலந்துரையாட:

1. நம்மிடையே ஏஜென்சிக்காரரைத் தேடிப் போனவர்களை எந்தக் காரணங்கள் தூண்டின? மெக்சிக்கோக் கமக்காரரின் காரணங்களோடு ஒப்பிடுங்கள்.

2. பணம் எப்போது, யார் கையில் கொடுக்கப்படுகிறது? பயணம் தவறினால் யார் பொறுப்பு?

3. ஈடு வைத்த காணி மீளாவிட்டால் குடும்பம் எதனால் வாழும்?

4. கடனுக்கும் விளைபொருள் விற்பனைக்கும் நாம் சேர்ந்து செய்யக்கூடியது என்ன?